அடி எடுத்துக் கொடுப்பவள்

மழை ஓயாத தீவு ஊரான ஹீலோவில், உக்குலேலே என்கிற நாலு தந்திக் குட்டிக் கிட்டார் விற்கிற எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் எஸ்ரா நாஹாலேயின் பேச்சு வராமல் வெளியே வர முடியாது. வந்திருப்பது அவன் மனைவி என்றால் கேட்கவே வேண்டாம். நாற்காலி போடுவார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள், கண் கலங்குவார்கள். பிறகு எதற்கு வந்தீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பயந்துதான் மாபுவானா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு, கடலோர மேட்டுச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டி, தன்னை யாருக்கும் தெரியாத வைமேயாவுக்குப் போனாள்.

அறுபத்து மூன்று வயது. ஊரிலேயே பேர் பெற்ற வாசிப்புக்காரனோடு நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவள். எனக்கு ஒரு தந்தியைக்கூட ஒழுங்காக மீட்டத் தெரியாது என்று ஹீலோக் கடைக்காரர்களிடம் எப்படிச் சொல்வது?

எஸ்ராவின் உக்குலேலே இப்போது வீட்டில் இல்லை. கோவா என்கிற தீவு மரத்தில் செய்தது, அவன் அப்பா வாங்கியது. போன ஆகஸ்டில் அது அவனோடு சவப்பெட்டிக்குள் போய்விட்டது. "அண்ணன் கையில வெச்சே அனுப்பிரலாமா, அண்ணி?" என்று அவன் தங்கை வெஹி கேட்டபோது மாபுவானா தலையாட்டினாள். பிள்ளை இல்லாத வீடு. இனி இங்கே வாசிக்க யார் இருக்கிறார்கள் என்றுதான் அன்றைக்கு அவளும் நினைத்தாள்.

அந்தப் பாட்டின் நினைப்பு அப்போது வரவில்லை. ஆறேழு மாதம் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்தது.

கல்யாணமான இரண்டாவது வருஷம் எஸ்ரா அவள் பெயரில் கட்டிய பாட்டு அது. ஒருவர் பெயரில் கட்டிய பாட்டை, உரியவர் தன் வாயால் கொடுக்காமல் வேறு யாரும் பாடுவதில்லை. அங்கே அப்படித்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் அவர்கள் கராஜில் கூடிய நண்பர்கள் எல்லோரும் அந்தப் பாட்டுக்குக் கிட்டாரும், கீழ்ச்சுரம் கொடுக்கிற பேஸும் வாசித்தார்கள். வாயைத் திறந்து பாடியது எஸ்ரா ஒருவன்தான். ஒலிப்பதிவு கிடையாது. எழுதியும் வைக்கவில்லை. மாபுவானா ஊர் நூலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். எதையும் எழுதி, எண் போட்டு, அதனதன் இடத்தில் வைத்தால்தான் அவளுக்கு நிம்மதி. ஒருமுறை நோட்டும் பென்சிலுமாக அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"எதுக்கு எழுதற?" என்றான் எஸ்ரா. "நான் இருக்கேன்ல."

அவன் இருந்தான். அதனால் அவள் எழுதவில்லை.

வருகிற ஆகஸ்டில் வருஷம் திரும்புகிறது. நண்பர்கள் வருவார்கள், சாப்பிடுவார்கள், வாசிப்பார்கள். எல்லாப் பாட்டும் வரும். இந்த ஒன்று வராது. அவள் பாடினால்தான் உண்டு. பாடாமல் விட்டால், கோவா மரத்தோடு அதுவும் மண்ணுக்குள் போனதாகவே ஆகிவிடும். அதனால்தான் இந்தப் பயணம். காரின் பின் சீட்டில் கொல்லை மரத்து லிச்சிப்பழம் ஒரு பை நிறைய இருந்தது. கடைக்குத்தான் போகிறோம் என்றாலும் வெறுங்கையோடு ஓர் ஊருக்குள் நுழைய அவளுக்குக் கூச்சம்.

கடை, குதிரைச் சேணம் விற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே ஃபுர்ட்டாடோ என்ற ஐம்பத்தைந்து வயதுக்காரர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க ஆன்ட்டி. யாருக்குப் பார்க்கறீங்க?"

"தங்கச்சி பேத்திக்கு. லாஸ் வேகாஸ்ல இருக்கா."

"நம்ம ஜனம் பாதி அங்கதானே இருக்கு. எத்தனை வயசு?"

"பத்து... பன்னெண்டு."

"பத்தா, பன்னெண்டா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

ஃபுர்ட்டாடோ தலையை மட்டும் ஆட்டினார். மாபுவானா வாசல் பக்கம் தொங்கிய ஒன்றைத் தொட்டாள். மஞ்சள் வர்ணம், மேலே அன்னாசிப்பழம் வரைந்திருந்தது. இருபத்தைந்து டாலர்.

"அது சுவத்துல மாட்டறதுக்கு ஆன்ட்டி. கப்பல்ல வந்து எறங்கறவங்க வாங்கிட்டுப் போவாங்க. சுதி நிக்காது. கத்துக்கற பிள்ளை, தனக்குத்தான் காது சரியில்லைன்னு நெனச்சு விட்டுரும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அடுத்ததாகக் கண்ணாடி அலமாரிக்குள் செம்பழுப்பாக மின்னிய ஒன்றைப் பார்த்தாள். பார்த்தவுடனே பார்வையை வேறு பக்கம் திருப்பினாள். கோவா.

"அதுவும் வேண்டாம்" என்றார் ஃபுர்ட்டாடோ. "விலையை விடுங்க. அசல் மரம். ஹீலோ மழைக்கு வீங்கும், வெயில்ல வெடிக்கும். கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கணும்."

"நான் வேகாஸ்னுதானே சொன்னேன்."

"ஆமாம்ல. வேகாஸ்." அவர் அவள் கையிலிருந்த குடையைப் பார்த்தார். "இந்த வெயில்ல குடையோட வந்தீங்களா, ஹீலோன்னு வாயில வந்துருச்சு."

பிறகு அவர் மேல் தட்டிலிருந்து ஒன்றை இறக்கினார். எந்த அலங்காரமும் இல்லாமல், மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்தது. வெளிறிய பழுப்பு நிறம். அறுபது டாலர்.

"ஒட்டுப்பலகைதான். ஆனா ஈரத்துக்கு அசையாது. இதைப் பாருங்க." கழுத்தை ஒரு கண்ணால் துப்பாக்கி மாதிரிக் குறி பார்த்தார். "வளைவு இல்லை." ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தி மீட்டினார். "எங்கயாவது ஈ பறக்கற சத்தம் கேக்குதா? இல்லையா? அப்ப சரி." திருகுகளைத் திருப்பிக் காட்டினார். "பல்சக்கரம் வெச்ச திருகு. வழுக்காது. மலிவா வாங்கறப்போ இந்த மூணையும் பார்த்தா போதும். மினுமினுப்பைப் பார்க்கக் கூடாது. எங்க, கையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"பேத்தி கை எவ்ளோ பெருசுன்னு தெரியணுமே. உங்க கை மாதிரி இருக்குமா?"

யோசிக்காமல் மாபுவானா கையை நீட்டிவிட்டாள். வீட்டு வேலையும் புத்தக மூட்டைகளும் பழக்கிய, எலும்பு தடித்த கை. ஃபுர்ட்டாடோ அதை நிதானமாகப் பார்த்தார்.

"பன்னெண்டு வயசுக்கு நல்லா வளந்த கைதான்."

அவள் சிரித்துவிட்டாள். "எனக்குத்தான்" என்றாள்.

"அப்ப உட்காருங்க." ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். "எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?"

அந்தத் தீவில் தப்பிக்க முடியாத கேள்வி அது ஒன்றுதான். பள்ளியைச் சொன்னால் வருஷத்தைக் கேட்பார்கள், வருஷத்திலிருந்து வகுப்புக்கும் வகுப்பிலிருந்து வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிடுவார்கள். மாபுவானா பள்ளியைச் சொன்னாள்.

"எங்க மச்சானும் அங்கதான். எந்த வருஷம்?"

சொன்னாள்.

"பொறந்த வீட்டுப் பேரு?"

"பெலெகானே."

"பெலெகானே வீட்டுல மூணு பொண்ணு. ஒருத்தி வேகாஸ்ல, ஒருத்தி ஒஹாவுத் தீவுல. நடுவுல உள்ளவளைக் கட்டினது..." ஃபுர்ட்டாடோ நிறுத்தினார். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நீங்க எஸ்ரா சம்சாரம்."

"ஆமா."

நாற்காலிக்குப் பதில் முக்காலி ஏற்கெனவே போட்டாயிற்று, கையைப் பிடிக்கவில்லை. அதற்காக மாபுவானாவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

"பதினேழு வருஷம் இருக்கும்" என்றார். "துறைமுகத்துக்கிட்ட ஒரு கல்யாணம். நானும் வாசிச்சேன். நீங்க சமையல்கட்டு வாசல்ல நின்னு அடி எடுத்துக் கொடுத்தீங்க. கையில கரண்டி."

ஒரு சரணம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன், அங்கே வாத்தியங்கள் ஒரு சின்னச் சுற்று சுற்றி வரும். அந்தச் சுற்றுக்குள் யாராவது ஒருவர் அடுத்த சரணத்தின் முதல் சொல்லை உரக்கக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். பாடுகிறவன் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவான். சொல் வரும்வரை சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். எஸ்ரா வாசித்த இடத்திலெல்லாம் அடி எடுத்துக் கொடுத்தவள் மாபுவானா. சமைத்துக்கொண்டே, பரிமாறிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டே கொடுப்பாள். ஒரு தடவைகூடப் பிந்தியதில்லை.

"அன்னிக்கு அந்தப் பாட்டும் வந்துச்சு" என்ற ஃபுர்ட்டாடோ, தன்னை மறந்து இரண்டு சுரத்தை முனகினார். சட்டென்று நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க. அது உங்களோடது."

"ரெண்டு சுரந்தானே."

"ரெண்டுன்னாலும்."

அவர் ஒரு காகிதத்தை எடுத்து, விரல் வைக்க வேண்டிய இடங்களைப் புள்ளி வைத்து வரைந்தார். மூன்று பிடி. இந்த மூன்று இருந்தால் சுற்றும் வரும், பாட்டும் வரும் என்றார். "ஒரு விஷயம். புதுத் தந்தி ஒரு வாரம் இழுபடும். காலைல சுதி சேர்த்தா சாயங்காலம் எறங்கியிருக்கும். உங்க மேல தப்பு இல்லை, வாத்தியம் மேலயும் தப்பு இல்லை. சேர்த்துக்கிட்டே இருங்க, தன்னால நிக்கும்."

துணி உறை ஒன்றையும், சுதி பார்க்கிற சின்னக் கருவி ஒன்றையும் கூடவே வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. மாபுவானா லிச்சிப் பையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அதற்கு அவரும் மறுப்பு சொல்லவில்லை.

முதல் வாரம் சுதி சேர்ப்பதிலேயே போயிற்று. சமையலறை மேஜையில், காகிதத்தைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவாள். ஒரு பிடிக்கு ஒரு விரல், ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விரல்கள் போய்ச் சேர்வதற்குள் பாட்டு தெருமுனையைத் தாண்டிவிடும். விரல் நுனிகள் முதலில் சிவந்தன, பிறகு தோல் உரிந்தது, பிறகு தடித்தது. வீட்டில் ஒரு சத்தம் இருந்தது. அது நன்றாக இல்லை, ஆனால் இருந்தது.

ஒரு சாயங்காலம் வெஹி செருப்பை வாசலில் உதறிவிட்டு, சேப்பங்கிழங்கு மசியலான போயி நிறைந்த கிண்ணத்தோடு உள்ளே வந்தாள்.

"அண்ணி, பூனை எதாவது கதவு சந்துல மாட்டிக்கிச்சா?"

"நான்தான்."

"தெரியுது. அஞ்சு நிமிஷமா வெளியில நிக்கறேன், சிரிச்சு முடிச்சுட்டு உள்ள வரலாம்னு." கிண்ணத்தை வைத்துவிட்டு உக்குலேலேயைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். "எவ்ளோ?"

"அறுபது."

"ஒட்டுப்பலகை. அண்ணன் பார்த்திருந்தான்னா இன்னொரு தடவை செத்திருப்பான்."

சொன்னபிறகு வெஹி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாத்தியத்தை அண்ணியின் மடியில் வைத்து, அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினாள்.

"கை கல்லு மாதிரி இருக்கு. கை கழுவிட்டுத் தண்ணியை உதறுவோம்ல, அப்படி விடுங்க. ம். இன்னும் கொஞ்சம். இப்பப் பூனை சந்துலேருந்து வெளிய வந்துருச்சு." பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். "அந்தப் பாட்டுக்கா?"

"ம்."

"நீங்களே பாடப் போறீங்க."

"வேற யாரு பாடறது?"

வெஹி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுவும் சரிதான்" என்றாள். அதற்குப் பிறகு போயி புளித்துவிட்டதா என்பதைப் பற்றியே பேசினாள்.

ஆண்டு நிறைவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலையில் சுற்று கைக்கு வந்தது. மூன்று பிடியும் ஒன்றன்பின் ஒன்றாக, தடுக்காமல் வந்தன. மாபுவானா நம்பாமல் இன்னொரு முறை வாசித்தாள். மறுபடியும் வந்தது. சுற்று சுற்றி வந்து, சரணம் தொடங்குகிற இடத்தில் நின்று அவளைப் பார்த்தது. அவள் வழக்கம்போல் உரக்க, "மழை" என்று எடுத்துக் கொடுத்தாள். பாட வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடியும் வாசித்தாள். "மழை." அந்தச் சொல்லுக்குப் பின்னால் எஸ்ராவின் குரல் நுழைகிற இடம் இருந்தது. அவன் மூச்சு இழுப்பது கேட்டது. ராகம்கூட எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. சொற்கள் இல்லை. அவன் தீவின் பழைய மொழியில் பாட்டுக் கட்டுகிறவன். அவளுக்கு அந்த மொழி சமையலறை அளவுக்குத்தான் தெரியும். ஹீலோ மழை அவளைத் தேடிக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிறது என்று பொருள் சொல்லத் தெரிந்தது. அதை அவன் எந்தச் சொல்லில் சொன்னான்?

அவள் ஒரு காகிதத்தை எடுத்து எழுதினாள். மழை. துணிக்கொடி. பாதை. விளக்கு. இறுதியாக, அங்கே எல்லாப் பாட்டும் முடிகிற மாதிரியே, ‘கதை சொல்லியாயிற்று’. ஐந்து சரணம், ஐந்து முதல் சொற்கள், தெளிவான கையெழுத்தில். கீழே நடுநடுவே "வெள்ளை" என்றும் "வா" என்றும் இரண்டு சொற்கள் தவிர எதுவும் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாளும் உள்ளே போனதில்லை. அந்தப் பாட்டை முழுசாகத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று நேற்றுவரை நம்பியிருந்தாள்.

யாரிடமாவது கேட்கலாம். ஆனால் யாரிடம் கேட்பது? உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பது, நீங்கள் என் பாட்டைத் திருட்டுத்தனமாகப் படித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்பது மாதிரி. தெரிந்தவர்களும் தெரியாது என்றுதான் சொல்வார்கள். அதற்கு அவளே காரணம். இருபத்தைந்து வருஷம் முன்னால், ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் விருந்தில், பேஸ் வாசிக்கிற ஏபெல், பீர் குடித்த சந்தோஷத்தில், எஸ்ராவோடு சேர்ந்து இரண்டாவது சரணத்தைப் பாடத் தொடங்கினார். மாபுவானா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அது என் பாட்டு, ஏபெல்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் வாத்தியங்கள் எல்லாம் நின்றன. ஏபெல் காதுவரை சிவந்துபோனார். அன்றிலிருந்து அந்தப் பாட்டு வந்தால் எஸ்ராவைத் தவிர யார் உதடும் அசைந்ததில்லை. அப்போது அவளுக்கு அது பெருமையாக இருந்தது.

பத்து நாளும் வாசித்தாள். சொல் ஒன்றும் திரும்பவில்லை.

ஆண்டு நிறைவு அன்று மழை. கராஜுக்கு முன்னால் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதன் நடுவில் தண்ணீர் தேங்கித் தேங்கி ஒரு பக்கமாகக் கொட்டியது. வாசலில் இருபது ஜோடி செருப்பு. மேஜையில் இலையில் கட்டி வேகவைத்த பன்றிக்கறி, போயி, பச்சை மீன், யாரோ ஒருவர் கொண்டுவந்த மொச்சி என்கிற அரிசி மாவு இனிப்பு. சாப்பாடு முடிந்ததும் ஏபெல் பேஸைச் சுவரோரத்திலிருந்து எடுத்தார். குழாய் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற டொக்குநாகா கிட்டார் வாசித்தார். வெஹி இரண்டு பாட்டுக்கு ஆடினாள். எஸ்ரா உட்காருகிற மடக்கு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அதன்மேல் ஒரு மாலை மட்டும் கிடந்தது.

விரல் வீங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம் என மாபுவானா முடிவு செய்திருந்தாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வருஷம் ராகமும் இருக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

டொக்குநாகா தொண்டையைச் செருமினார். "அண்ணி, நீங்க கத்துக்கிட்டிருக்கீங்கன்னு கேள்விப்பட்டோம்."

மாபுவானா வெஹியைப் பார்த்தாள். வெஹி மொச்சியை வாயில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"நாங்க சுத்து போடறோம். நீங்க கூட வாங்க. அவசரம் இல்லை."

அவள் உள்ளே போய் எடுத்துவந்தாள். துணி உறையைப் பிரித்தபோது ஏபெல் எட்டிப் பார்த்து, "பரவால்லையே, அன்னாசிப்பழம் போட்டது இல்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கிட்டார் சுற்றைத் தொடங்கியது, பேஸ் கீழே வந்து சேர்ந்துகொண்டது. மாபுவானா மூன்றாவது சுற்றில்தான் உள்ளே நுழைந்தாள். அறுபது டாலர் ஒட்டுப்பலகை, அந்த இரண்டுக்கும் நடுவில், மெல்லிசாக ஆனால் சுதியோடு கேட்டது.

"மழை" என்றாள்.

சுற்று முடிந்தது. பாடுகிற இடம் காலியாக வந்து, காலியாகப் போயிற்று. வாசித்தவர்கள் ஒன்றும் நடக்காததுபோல் இன்னொரு சுற்று போட்டார்கள். "மழை" என்று மறுபடியும் கொடுத்தாள். வாத்தியங்களுக்கு நடுவே தார்ப்பாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம்தான் கேட்டது. மூன்றாவது சுற்றில் அவள் கையை எடுத்துவிட்டாள். மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

"எனக்குத் தெரியல" என்றாள் மாபுவானா. "முதல் வார்த்தை மட்டுந்தான் தெரியுது. மிச்சம் எல்லாம் அவர் பாடினது. எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

அவள் மடியிலிருந்த வாத்தியத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சா பாடுங்க. நான் குடுத்துட்டேன். இன்னிக்கு மட்டுமில்லை. எங்க வேணும்னாலும், யாரு முன்னால வேணும்னாலும் பாடலாம். என்னைக் கேக்க வேண்டியதில்லை."

ஆண்கள் எல்லோரும் தத்தம் பாதங்களைப் பார்த்தார்கள். டொக்குநாகா கிட்டாரின் திருகு ஒன்றைத் தேவையில்லாமல் திருகினார்.

"அண்ணி, கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"ட்ரக்ல மட்டுந்தான். கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு."

"எத்தனை வருஷமா?"

"இருபது இருக்கும். கூடவும் இருக்கலாம்."

ஏபெல் மூச்சு விட்டார். "நான் குளிக்கறப்போ" என்றார். "அன்னிக்கு நீங்க திட்டினப்புறம் வெளியில பாடினதே இல்லை. சத்தியமா."

"என்னைக் கேக்காதீங்க" என்றாள் வெஹி. "என் கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அண்ணன் என்கிட்டதான் பாடிக் காட்டினான், உங்ககிட்ட பாட வெக்கப்பட்டுக்கிட்டு."

மாபுவானா ஒவ்வொருவராகப் பார்த்தாள். கோபம் வருமா என்று தனக்குள்ளேயே கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். பிறகு இடது கை விரல்களை முதல் பிடியில் வைத்தாள்.

"அப்ப ஆரம்பிங்க" என்றாள்.

சுற்று வந்தது. "மழை" என்று கொடுத்தாள். டொக்குநாகா கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். குரல் எஸ்ராவுடையது மாதிரி இல்லை. மூக்கால் பாடுகிற, ட்ரக்கில் தனியாகப் பழகிய குரல். சொற்கள் எல்லாம் இருந்தன. இரண்டாவது வரியில் ஏபெலும் வெஹியும் சேர்ந்துகொண்டார்கள். "துணிக்கொடி" என்று கொடுத்தாள். அவளுக்கு ‘வெள்ளை’ என்று மட்டும் நினைவிருந்த இடத்தில், மழைக்கு முன்னால் ஓடுகிற வெள்ளைப் போர்வை வந்தது. "வா" எந்த இடத்தில் வரும் என்பதும் அவளுக்கு இப்போது தெரிந்தது.

"பாதை" என்று கொடுத்தபோது சரணம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஏபெல் ஒன்றைப் பாடினார், டொக்குநாகா இன்னொன்றைப் பாடினார். பாட்டு நின்றது.

"அது ‘பாதை ஈரம்’ பா" என்றார் டொக்குநாகா.

"‘பாதை நீளம்’. உனக்கு ட்ரக் சத்தத்துல ஒழுங்கா ஞாபகம் இருந்திருக்காது."

"உனக்கு மட்டும் காதுல சோப்பு."

"எஸ்ரா அப்ப ரோட்டுக்குத் தார் போடற வேலையில இருந்தான். தார் ரோடு எப்படிப்பா ஈரமா இருக்கும்?"

"ஹீலோல எந்த ரோடு காஞ்சிருக்கு?"

பிறகு இருவரும் மாபுவானாவைப் பார்த்தார்கள். பாட்டு அவளுடையது, அவள்தான் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரியவில்லை. எஸ்ராவின் வாயை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். வாய் வந்தது, சொல் வரவில்லை. ஒருவேளை அவனே ஒவ்வொரு நாள் ஒவ்வொரு மாதிரிப் பாடியிருப்பானோ என்னவோ. மழை எப்படியிருந்தது என்பதைப் பொறுத்து.

"இன்னிக்கு ஏபெல் சொல்ற மாதிரி" என்றாள். "அடுத்த வெள்ளிக்கிழமை உங்களோடது."

"அடுத்த வெள்ளிக்கிழமையா?" என்றார் டொக்குநாகா.

"ஏன், வேலை இருக்கா?"

"எனக்கு என்ன வேலை."

நீளமான பாதை பாடி முடிந்தது. நான்காவதுக்கான சுற்று தொடங்கியபோது மாபுவானாவின் விரல்கள் பின்னிக்கொண்டன. மூன்று விரல் பிடியில் ஒரு விரல் தப்பான தந்தியில் போய் உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சொல்லைக் கொடுக்க மறந்துபோனாள். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாகப் பிந்தினாள். கிட்டாரும் பேஸும் நிற்கவில்லை. சுற்று ஒருமுறை வந்தது, மறுமுறை வந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை, யாரும் அந்தச் சொல்லை முந்திக்கொண்டு சொல்லவும் இல்லை. வெஹி இடுப்பை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டு தார்ப்பாய்க்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மாபுவானா அந்த விரலைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தாள். சுதி சரியாக இருக்கிறதா என்று ஒரு சுற்று வாசித்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "விளக்கு" என்றாள்.